ஈயம் வந்த வழி

விருதுநகர் மாவட்டம், ராஜபாளையம் காவல் நிலையம். 2025 நவம்பர், மனு விசாரணை.
மனுக் கொடுத்தவர்: நவநீதகிருஷ்ணன், உரிமையாளர், நவநீதா கண்ட்ரோல்ஸ், ராஜபாளையம்.
எதிர்தரப்பு: பிச்சை முகம்மது, எலக்ட்ரானிக் சாமான் கடை, ஸ்ரீவில்லிபுத்தூர்.
விசாரிக்கப்பட்டவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் சந்தனமேரி. வயது நாற்பத்து மூன்று. கணவர் கிறிஸ்துராஜ், மினி பஸ் ஓட்டுகிறார். நாங்கள் ராஜபாளையம் மலையடிப்பட்டியில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறோம். நான் பிறந்த ஊர் வன்னியம்பட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மேற்படி நவநீதா கண்ட்ரோல்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, தற்போது கடைசிச் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து வருகிறேன். மனுவில் என்னை "தகராறு செய்யும் சுபாவம் உள்ளவர்" என்று எழுதியிருப்பதாக ஏட்டய்யா வாசித்துக் காட்டினார். எனக்கு வாய் நீளம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மனுவில் "பிச்சை முகம்மதுவுடன் கூட்டுச் சேர்ந்து" என்று ஒரு வரி இருக்கிறது. அதை மறுப்பதற்காகவே அரை நாள் லீவு போட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் நூல் மில்களுக்கான சென்சார் பெட்டிகள் செய்கிறோம். மில்லில் நூல் அறுந்தால் உடனே கண்டுபிடித்து அந்த இடத்தில் விளக்கு எரிய வைக்கும் கருவி அது. பச்சை நிற போர்டு ஒன்றில் சிறு சிறு சாமான்களைச் சால்டர் கம்பியை உருக்கிப் பற்றவைத்து, அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி அனுப்புவோம். எங்கள் பெட்டிகளைக் கோயம்புத்தூரில் உள்ள ஒரு கம்பெனியார் வாங்கித் தங்கள் மிஷின்களில் பொருத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். போன வருடம் அவர்கள், மின்சாதனங்களில் ஈயம், பாதரசம் போன்ற கேடான பொருட்கள் கலக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால், இனி எங்கள் பெட்டியில் எந்தப் பாகத்திலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்றும், இருந்தால் சரக்கு முழுவதும் திரும்பும் என்றும் சொல்லிவிட்டார்கள். நாங்கள் அதுவரை பயன்படுத்தி வந்த சால்டர் கம்பியில் பாதிக்குப் பாதி ஈயம்தான்.

அதன் பிறகு முதலாளி எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிக்கு மட்டும் ஈயம் இல்லாத புதுக் கம்பி, உள்ளூர் மில்லுக்குப் பழைய கம்பி என்று வைத்துக்கொண்டால் செலவு குறையும் என்று அவருடைய மைத்துனர் சொல்லிப் பார்த்தார். அதற்கு முதலாளி, "வெளிநாட்டுக்காரன் கைக்கு ஒரு நியாயம், நம்ம ஊரு மில்லுல வேலை பாக்குற பிள்ளைக கைக்கு ஒரு நியாயமா? இனி நம்ம வாசப்படியத் தாண்டி ஈயம் உள்ள வரக் கூடாது" என்று சொன்னார். சொன்னதோடு நில்லாமல் பழைய கம்பி, பழைய சால்டரிங் முனை, அது பட்ட பஞ்சு, துணி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கட்டி, கழிவை முறைப்படி எடுக்கும் ஆட்களிடம் கொடுத்தார். மேசைகளைப் புதிதாகவே வாங்கிப் போட்டார். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், என் முதலாளி கெட்ட மனிதர் இல்லை. கோபத்தில் தப்பான ஆள் மீது மனுக் கொடுத்தவர், அவ்வளவுதான்.

புதுக் கம்பிக்கு எங்கள் கை பழகச் சிரமமாக இருந்தது. அதற்குச் சூடு அதிகம் வேண்டும், பற்றவைத்த இடம் பளபளவென்று இல்லாமல் மங்கலாக இருக்கும். என்னுடன் வேலை பார்க்கும் பிச்சையம்மாள் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "ஈயமில்லாத ஈயக் கம்பியாம்! கோழி இல்லாத கோழிக் கொழம்பு வைக்கச் சொல்லுதாக" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டோம். பொங்கல் வருவதற்குள் பிச்சையம்மாள்தான் எங்கள் எல்லோரிலும் சுத்தமாகப் பற்றவைப்பவராக ஆகிவிட்டார்.

அந்தப் புதுக் கம்பியை எங்களுக்குக் கொடுத்து வந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பிச்சை முகம்மது. அவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அவரைக் கம்பெனிக்குக் கூட்டிவந்தது நான்தான். எங்கள் மாதா கோயில் மைக் செட் கெட்டுப்போன போதெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு வந்து சரிசெய்து கொடுத்தவர் அவர். கூலி வாங்காமல், "பாட்டு நல்லாக் கேக்கணும், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் கடையில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் செய்பவர்களுக்குப் பழைய ஈயக் கம்பியும் விற்கிறார், எங்களுக்கு ஈயமில்லாத கம்பியும் விற்கிறார். இரண்டுக்கும் தனித்தனி அலமாரி. ஒன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இன்னொன்றைத் திறக்க மாட்டார். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு கிளம்பும் அன்று முதலாளியின் மனைவி வெங்கடேஸ்வரி அம்மா முதல் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கும்பிட்டு அனுப்புவார். நான் சிலுவை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். பெட்டியில் சிவப்புக் கறை இருக்கிறது என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருமுறை குறை சொல்லி எழுதினார்கள். அதன் பிறகு பெட்டியின் மேல் பொட்டு வைப்பது நின்றுவிட்டது. அம்மா மனசு கஷ்டப்பட்டாலும் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஆயுத பூஜை முடிந்து ஒரு பெரிய சரக்கு கிளம்பியது. அந்த ஆர்டரை நம்பித்தான் முதலாளி பக்கத்து இடத்தையும் சேர்த்துக் கட்டி, கூமாப்பட்டிப் பக்கமிருந்து புதிதாகப் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தார். தீபாவளி முடிந்த பிறகு கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. முதல் பெட்டியைத் திறந்து போர்டைச் சோதித்ததில் ஈயம் அளவுக்கு மேல், அதுவும் பல மடங்கு மேல் இருக்கிறது என்றும், சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்புவதாகவும், காரணம் தெரியாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது என்றும் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு முதலாளி நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

போர்டில் ஈயம் என்றால் சால்டர் கம்பியில்தான் ஈயம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். கம்பி கொடுத்தவர் பாய். ஈயக் கம்பியைப் புது ரீலில் சுற்றிக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டார் என்று மைத்துனர் சொன்னார். "அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று நான் சொன்னேன். "நீ கூட்டியாந்த ஆளுதானே, நீ அப்பிடித்தான் சொல்லுவ" என்று முதலாளி சொன்னார். அந்த ஒரு சொல் எனக்கு நெஞ்சில் தைத்தது. பதிலுக்கு நானும் சும்மா இருக்கவில்லை. "மடியில கனமில்ல மொதலாளி, எனக்கு வழியில பயமில்ல. யாரு வேணும்னாலும் வந்து சோதிங்க, எல்லாரும் பாக்க இங்கயே சோதிங்க" என்று சத்தம் போட்டேன். மனுவில் தகராறு என்று எழுதியிருப்பது இதைத்தான். அன்று சாயங்காலமே அவர் இங்கே வந்து மனுக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் பாயை இங்கே கூப்பிட்டு விசாரித்தார்கள். விசாரித்ததில் நான் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நாற்காலி போட்டுத்தான் பேசினார்கள் என்று பாயே சொன்னார். ஆனால் ஸ்டேஷன் வாசலில் நின்றதை யாரோ பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்ச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவர் கடைக்கு வருகிற மெக்கானிக்குகள் எதிர்க் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். அவர் மகள் ஹஃபீஸா பாலிடெக்னிக் படித்துவிட்டு அவருக்கு உதவியாகக் கடையில் இருக்கிற பெண். அந்தப் பெண் எனக்குப் போன் செய்து, "மாமி, அத்தா காலையில கடையத் தொறக்காக, நாள் பூரா ரெண்டு அலமாரியையும் பாத்துக்கிட்டே இருக்காக." என்று சொன்னாள். என் பேச்சை நம்பி வந்த மனிதருக்கு இந்தப் பேர் வந்துவிட்டதே என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் போட்ட சத்தத்தில் ஒரு பிரயோஜனமும் இருந்தது. எங்கள் எல்லோர் முன்னாலும் சோதித்துவிடுவது என்று முதலாளி ஒத்துக்கொண்டு, மதுரையிலிருந்து வாடகைக்குத் துப்பாக்கி வரவழைத்தார். துப்பாக்கி என்று நான் சொன்னதும் ஏட்டய்யா எழுதுவதை நிறுத்திவிட்டார். அது சுடுகிற துப்பாக்கி இல்லை. பார்ப்பதற்கு அப்படி இருக்கும். ஒரு பொருளின் மேல் அதன் மூக்கை வைத்து அழுத்தினால் எக்ஸ்ரே போல உள்ளே பார்த்து, அதில் ஈயம் எவ்வளவு, தகரம் எவ்வளவு என்று திரையில் காட்டும். அதைக் கொண்டுவந்தவர் கௌதம்ராஜ் என்ற இன்ஜினியர். முதலில் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கூடவே கொண்டுவந்த ஈயமில்லாத உலோக வில்லை ஒன்றில் வைத்துக் காட்டினார். ஈயம் இல்லை என்று காட்டியது. எல்லோரும் பார்த்தோம். அதன் பிறகு கருவியை மேசையில் வைத்துவிட்டு, கை கழுவி டீ குடிக்கப் போனார்.

அவர் திரும்பி வந்து பாய் கொடுத்த கம்பி ரீலின் மேல் வைத்து அழுத்தினார். ஈயம் என்று காட்டியது. கொஞ்சநஞ்சமில்லை, திரை சிவப்பாகிவிட்டது. முதலாளி என்னைப் பார்த்து, "பாத்தியா மேரி? இப்ப என்ன சொல்லுத?" என்று கேட்டார். பாய் கை கழுவியதெல்லாம் நாடகம்தானோ என்று ஒரு நொடி எனக்கே தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்கு உடனே என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு பிரிக்காத இன்னொரு ரீலில் வைத்தார். ஈயம். திரும்பி வந்த போர்டில் வைத்தார். ஈயம். வெறும் பிளாஸ்டிக் மூடியில் வைத்தார். அதிலும் ஈயம் என்றது. பிச்சையம்மாள் தன் டிபன் பாக்ஸை எடுத்து மேசையில் வைத்து, "இதையும் பாருங்க தம்பி, வெண்டிக்கா புளிக்கொழம்பு" என்றார். அதிலும் ஈயம். முதலாளி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து வைத்தார், பேனாவிலும் ஈயம். "என்னய்யா இது, லோகத்துல ஈயம் இல்லாத பொருளே இல்லையா?" என்று முதலாளி கத்தினார். கௌதம்ராஜ் கருவியைத் திருப்பி மூக்குப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு, "யாருக்கா இது, மிசின் மூக்குல பொட்டு வச்சது?" என்று கேட்டார்.

வெங்கடேஸ்வரி அம்மா பின்னால் நின்றவர், "நாந்தான் தம்பி. புது மிசின் நம்ம எடத்துக்கு வந்திருக்கு, வெறும் மூக்கோட வேலை செய்ய விடலாமா? நல்ல சேதி சொல்லட்டும்னு வச்சேன்" என்று சொன்னார். கௌதம்ராஜ் டீ குடிக்கப் போன நேரத்தில் வைத்திருக்கிறார். எங்களுக்கெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி சிரிக்கவில்லை. கௌதம்ராஜும் சிரிக்கவில்லை. அவர் ஸ்பிரிட் தொட்ட காகிதத்தால் அந்த மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்து, மறுபடி வில்லையில் வைத்துப் பார்த்தார். ஈயம் இல்லை. பேனாவில் இல்லை. டிபன் பாக்ஸில் இல்லை. பாய் கொடுத்த ரீல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், ஒன்றிலும் இல்லை.

அதன் பிறகு அவர் துடைத்துப் போட்ட அந்தச் சிவப்புக் காகிதத்தை விரித்து மேசையில் வைத்து, அதன் மேல் மூக்கை வைத்து அழுத்தினார். திரை முன்பு போலவே சிவப்பாகிவிட்டது. அவர் மெதுவாக, "அக்கா, இந்தக் குங்குமத்துலதான் ஈயம் இருக்கு. கலர் தூக்கலாத் தெரியணும்னு ஈயம் சேந்த செவப்புப் பொடியக் கலந்திருக்காங்க" என்று சொன்னார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

வெங்கடேஸ்வரி அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, "தேவுடா, தேவுடா" என்று தன் தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டார். பிறகு முதலாளியைப் பார்த்து, "மேல வச்சாக் கறைங்காக, அதனால நான் உள்ள வச்சேங்க. மூடியப் போடுறதுக்கு முந்தி, மொதப் பெட்டியில, போர்டு மூலையில. யாரு கண்ணுக்கும் தெரியாது, சாமிக்குத் தெரிஞ்சாப் போதும்னு வச்சேன்" என்று சொன்னார். நான் சோதித்து முடித்த பிறகு, பேக்கிங்கில் மூடி போடுவதற்கு முன்னால் இது நடந்திருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்கள் சோதனைக்கு எடுத்ததும் அந்த முதல் பெட்டியைத்தான். போர்டு மூலையில் இருந்த சிவப்பை, சோதனை முடிந்ததற்கு நாங்கள் வைத்த அடையாளம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்களாம். பிறகு போனில் சொன்னார்கள்.

அந்தக் குங்குமத்தை எங்கே வாங்கினார் என்று கேட்டதற்கு அம்மா சொன்னது என்னவென்றால், புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை என்ற குன்றில் இருக்கும் பெருமாளைக் கும்பிடப் போன இடத்தில், வரும் வழியில், கூடையில் வைத்து விற்றுக்கொண்டு போன வெளியூர் ஆளிடம் வாங்கியிருக்கிறார். கோயில் கடையில் வாங்கியது இல்லை என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லும்படி அம்மா என்னிடம் சொல்லி அனுப்பினார், எழுதப்பட்டது. "செக்கச்செவேல்னு கண்ணப் பறிச்சுச்சு, எம்புட்டு நல்லாருக்குன்னு ஆசப்பட்டு வாங்குனேன்" என்றார். அதற்கு முந்தைய சரக்குகளுக்கெல்லாம் வீட்டில் இருந்த பழைய குங்குமம் வைத்திருக்கிறார். அந்தப் பழைய டப்பாவில் ஒட்டியிருந்ததையும் கௌதம்ராஜ் சோதித்தார். ஈயம் இல்லை.

அதன் பிறகு அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "எம் பேரனுக்கு டெய்லி வச்சு அனுப்புதேனே ஸ்கூலுக்கு" என்று சொல்லி ஓவென்று அழுதுவிட்டார். நான் போய் என் முந்தானையில் தண்ணீர் நனைத்து அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன். அவர் நெற்றியைப் பொட்டு இல்லாமல் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பிச்சையம்மாள் தன் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து உடனே ஒட்டிவிட்டார். பேரனுக்கு மறுநாளே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆயுத பூஜைக்கு எங்கள் வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்ட குங்குமப் பொட்டலங்களை அம்மா வீடு வீடாகப் போய்த் தானே திரும்ப வாங்கி வந்தார். அதையும் கழிவு எடுக்கும் ஆட்களிடம்தான் கொடுத்தோம்.

சோதனை நடந்த அன்று மத்தியானமே நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே போனேன். பாய் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "எங் கம்பியச் சோதிச்சீகளா?" என்று மட்டும் கேட்டார். "சோதிச்சாச்சு பாய். சுத்தம். துளி ஈயம் இல்ல" என்று சொன்னேன். அவர் எழுந்து, தன் பக்கம் சுழன்றுகொண்டிருந்த மேசை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு உள்ளே பார்த்து, "ஹஃபீஸா, மாமி வந்திருக்காக, டீ போடு" என்றார்.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். துப்பாக்கி மூக்கில் பொட்டு வைத்ததைச் சொன்னபோது ஹஃபீஸா சிரித்து டீயைச் சிந்திவிட்டாள். பாய் சிரிக்கவில்லை. "அந்தம்மா அழுதாகளா?" என்று கேட்டார். அழுதார் என்றேன். "அவிய என்ன செய்வாக, நல்லதுக்குத்தான வச்சாக" என்று சொன்னார். இந்த மனிதர் மேல்தான் மனு இருக்கிறது. இதை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன்.

அதன் பிறகு திரும்பி வந்த சரக்கை ஒரு பெட்டி விடாமல் திறந்து சோதித்தோம். முதல் பெட்டியைத் தவிர வேறு எதிலும் ஈயம் இல்லை. அந்த ஒரு போர்டை ஒதுக்கி வைத்துவிட்டு, முடிவுகளையும் நடந்ததையும் முதலாளி ஒளிக்காமல் கோயம்புத்தூருக்குச் சொன்னார். பொட்டு என்று சொல்லாமல் 'அசுத்தம் பட்டது' என்று சொன்னால் கௌரவமாக இருக்கும் என்று மைத்துனர் சொன்னார். "பொட்டு வச்சத அசுத்தம்னு எங் கையால எழுத மாட்டேன். ஈயம் கலந்த குங்குமம், அதுதான் உண்மை, அத எழுதுவோம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர்கள் படித்துவிட்டு, சரக்கை எடுத்துக்கொள்வதாகவும், அடுத்த ஆர்டரும் உண்டு என்றும் சொன்னார்கள். இத்தனை வெளிப்படையாக யாரும் பதில் எழுதியதில்லை என்றும் சொன்னார்களாம்.

பொட்டு வைக்கும் வழக்கம் நின்றுவிட்டதா என்று இங்கே விசாரிக்கும் சார்பு ஆய்வாளர் அம்மா கேட்டார். நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும்? வெங்கடேஸ்வரி அம்மா நல்ல விரலி மஞ்சளை இடித்து, எலுமிச்சைச் சாறும் வெங்காரமும் சேர்த்து, நிழலில் காயவைத்து வீட்டிலேயே குங்குமம் செய்தார். சலித்துக் கொடுத்தது நான். என் கை ஒரு வாரம் மஞ்சளாக இருந்தது, பூசைக்கு வந்த பாதர் பார்த்துச் சிரித்தார். அதில் ஒரு பொட்டலத்தை மதுரைக்கு அனுப்பி, ஈயம் இல்லை என்று கௌதம்ராஜ் சொன்ன பிறகுதான் அம்மா அதைத் தன் நெற்றியில் வைத்தார். இனி பொட்டு வெளி அட்டைப் பெட்டியில்தான், போர்டுக்குப் பக்கத்தில் இல்லை. அதற்கும் அம்மா ஒத்துக்கொண்டுவிட்டார்.

இனி இன்று நடந்தது. இன்று காலை முதலாளி, பாய், நான் மூவரும் இங்கே வந்தோம். மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், "இருதரப்பும் பேசிச் சமாதானமாகப் போய்விட்டோம்" என்று எழுதி முடித்துக்கொள்ளலாம் என்றும் முதலாளி சொன்னார். பாயும் சரி என்று தலையாட்டினார். நான் முடியாது என்று சொன்னேன். "நீ யாரும்மா முடியாதுங்கிறதுக்கு?" என்று ஏட்டய்யா கேட்டார். நான் சொன்னது வருமாறு: "அய்யா, சமாதானம்னு எழுதுனா ஊருக்குள்ள என்ன பேசுவாக? பாயி கலப்படம் பண்ணுனாரு, என்னமோ குடுத்து அமுக்கிட்டாருன்னுதான பேசுவாக. செய்யாத தப்புக்கு என்னய்யா சமாதானம்?" சத்தமாகத்தான் சொன்னேன்.

பாய் என்னைப் பார்த்து, "விட்டுரு தங்கச்சி, போதும். ஆண்டவனுக்குத் தெரியும்ல" என்று சொன்னார். அதற்கு நான், "ஆண்டவனுக்குத் தெரியும் பாய். மெக்கானிக்குகளுக்குத் தெரியணும்ல" என்று சொன்னேன். சார்பு ஆய்வாளர் அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

முதலாளி ஏட்டய்யா பக்கம் திரும்பி, "எழுதுங்க. மேரி சொல்லுறது சரி. சமாதானம்ங்கிற வார்த்தை வேண்டாம். பிச்சை முகம்மது கொடுத்த கம்பியில ஈயம் இல்ல, நான் அவசரப்பட்டு மனுக் கொடுத்தேன், அப்பிடின்னு எழுதுங்க. இதுல ஒரு நகல் வாங்கிட்டுப் போயி அவரு கடைக்கு நானே குடுக்குதேன். கடைத்தெருவுல நாலு பேரு பாக்கக் குடுக்குதேன்" என்று சொன்னார். சொல்லிவிட்டுப் பாயிடம், "கம்பி எப்ப அனுப்புறீக?" என்று கேட்டார். பாய், "நாளைக்கு அனுப்புதேன். ஆனா ஒண்ணு. இனிமே வர்ற ரீலு ஒவ்வொண்ணையும் நீங்க சோதிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள எடுக்கணும். என்னைய நம்பி எடுக்காதீக" என்று சொன்னார். முதலாளி, "சோதிப்போம் பாய். கம்பியும் சோதிப்போம், குங்குமமும் சோதிப்போம். சொந்தமா ஒரு துப்பாக்கி வாங்கிருவோம்" என்று சொன்னார். துப்பாக்கி என்றதும் ஏட்டய்யா மறுபடி நிமிர்ந்து பார்த்தார்.

அதன் பிறகு இருவரும் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். என்னைத் தனியாக விசாரித்து இது எழுதப்பட்டது. முதலாளியின் வாக்குமூலத்தில் இருக்கும் அந்த வரி என்னுடையதிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். ஆகவே எழுதப்படுகிறது: ஸ்ரீவில்லிபுத்தூர் பிச்சை முகம்மது எங்கள் கம்பெனிக்குக் கொடுத்த கம்பியில் ஈயம் இல்லை. அவர் மீது எந்தத் தப்பும் இல்லை.

இதில் உள்ளவை எல்லாம் நான் பார்த்ததும் எனக்கு நடந்ததும் அப்போதே என் காதால் கேட்டதும் ஆகும். பயந்தோ பிறர் தூண்டியோ சொன்னதில்லை. முழுவதையும் ஏட்டய்யா வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. கடைசியில் எழுதிய வரியை மட்டும் இன்னொரு தடவை, வெளியே பெஞ்சில் இருக்கும் பாய்க்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்கள். அவருக்குக் கேட்டது.

(ஒப்பம்)
சந்தனமேரி